ஒற்றைத் துடுப்பும் ஒரு நாள் கணக்கும்

"ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கிறது, 240 கி.மீ. தொலைவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கணக்கை நீங்கள் ஆறாம் வகுப்பிலேயே போட்டிருப்பீர்கள். தொலைவை வேகத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். விடை தப்பானால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இதே கணக்கு தப்பானால் ஒரு மனிதர் இருட்டில், குளிர்ந்த ஏரியின் நடுவே, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாமல் தவிக்க நேரும் என்றால்? அப்படிப்பட்ட கணக்கு ஒன்றை இப்போது நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

கணக்கு நடக்கும் இடம் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கான்குவின் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடிகளும் ஊஞ்சலும் உங்கள் நினைவுக்கு வரலாம். இது அப்படிப்பட்டதன்று. 1893-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தக் காட்டுப் பூங்காவின் பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். உள்ளே நூற்றுக்கணக்கான ஏரிகள். அவற்றை இணைக்கும் ஓடப் பாதைகளின் மொத்த நீளம் 2,000 கி.மீ.க்கு மேல். காட்டின் உட்பகுதிக்குப் பொதுச் சாலை கிடையாது. போக வேண்டுமானால் பெரும்பாலும் துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும்.

ஒருவர் தனியாக ஓர் ஓடத்தில் காலையில் புறப்பட்டு, ஐந்து ஏரிகளைக் கடந்து, இருட்டுவதற்குள் காட்டுக்குள் இருக்கும் ஒரு கூடார இடத்தை அடைய வேண்டும். முடியுமா? எப்போது புறப்பட வேண்டும்? வழியில் எந்த இடத்தில் "இன்று இதற்கு மேல் வேண்டாம்" என்று நிறுத்த வேண்டும்? இவைதாம் கேள்விகள். இத்தகைய பயணத்தை, பலமுறை துணையோடு போய்ப் பழகிய பெரியவர்களே தனியாக மேற்கொள்கிறார்கள். நாம் தாளும் பென்சிலும் கொண்டு போய் வருவோம்.

தோளில் ஏறும் ஓடம்

முதலில் வண்டியைப் பார்ப்போம். இங்கே பயன்படும் ஓடத்தின் பெயர் 'கனூ'. இரு முனையும் கூராக, நடுவில் அகன்று, மேலே திறந்திருக்கும். அல்கான்குவின், ஒஜிப்வே முதலிய பழங்குடி மக்கள் பூர்ச்ச மரத்தின் பட்டையைக் கொண்டு இதைச் செய்தார்கள். பட்டைகளை மரவேரால் தைத்து, தையல்களின் மேல் மரப்பிசின் பூசினார்கள். கிழிந்தால் பழுது பார்க்கும் பொருள் காட்டிலேயே கிடைத்தது. இன்றைய கனூக்கள் பெரும்பாலும் கெவ்லார் போன்ற செயற்கை இழைகளாலும் பிளாஸ்டிக்காலும் ஆனவை. வடிவம் மட்டும் அதிகம் மாறவில்லை.

ஏன் மாறவில்லை தெரியுமா? இந்த ஓடம் நீரில் மிதந்தால் மட்டும் போதாது. மனிதன் தோளிலும் ஏற வேண்டும். பனிக்காலப் பேராறுகள் இந்தப் பாறை நிலத்தைச் சுரண்டிக் குடைந்துவிட்டு, பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பின்வாங்கின. அவை விட்டுச் சென்ற பள்ளங்களே இன்றைய ஏரிகள். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே மேடு இருக்கும். அல்லது பாறைகளில் மோதிச் சீறும் ஓடை இருக்கும். அங்கெல்லாம் ஓடத்தைக் கரையேற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஓடத்தின் நடுவே குறுக்காக ஒரு கட்டை பொருத்தியிருப்பார்கள். காளையின் கழுத்தில் நுகத்தடி உட்காருவதுபோல் அது மனிதனின் தோளில் உட்காரும். அதற்கு அவர்கள் இட்ட பெயரும் நுகம்தான்!

இப்படிச் சுமந்து செல்லும் வழிக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். 'சுமத்தல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் அதைச் 'சுமைப்பாதை' என்போம். அல்கான்குவினில் சுமைப்பாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் நிறப் பலகை இருக்கும். எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கூடாரம் போட அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு ஆரஞ்சு நிறப் பலகை. விரும்பிய இடத்திலெல்லாம் கூடாரம் போட முடியாது. எந்த இரவு எந்த ஏரியில் தங்கப் போகிறோம் என்று முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நூலால் அளந்த பாதை

இனி நம் பாதை. கணக்குக்காக நாமே ஒரு பாதையை வரைந்துகொள்வோம். ஆனால் இந்தப் பூங்காவில் உள்ள பாதைகளைப் போன்றதே இது. 1:50,000 அளவுத்திட்டம் கொண்ட நிலப்படத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஏரிக்கரையின் வளைவுகளை அடிக்கோலால் அளக்க முடியாது. ஒரு நூலைப் பாதையின் மேல் வளைத்து வைத்து, பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும். நமக்குக் கிடைத்த அளவுகள் இவை:

முதல் ஏரி 10 கி.மீ.
முதல் சுமைப்பாதை 500 மீட்டர்
இரண்டாம் ஏரி 4 கி.மீ.
இரண்டாம் சுமைப்பாதை 1,300 மீட்டர்
மூன்றாம் ஏரி 3 கி.மீ.
மூன்றாம் சுமைப்பாதை 400 மீட்டர்
நான்காம் ஏரி 5 கி.மீ.
நான்காம் சுமைப்பாதை 800 மீட்டர்
ஐந்தாம் ஏரியில் கூடார இடம் வரை 2 கி.மீ.

கூட்டிப் பாருங்கள். நீர்வழி 24 கி.மீ.; நிலவழி 3 கி.மீ. ஆக 27 கி.மீ. பெரிய தொலைவாகத் தோன்றவில்லை அல்லவா? சற்றுப் பொறுங்கள்.

மூன்று ஒன்பதாகிறது

ஓடத்தின் எடை 18 கிலோ என்று கொள்வோம். கூடாரம், உறக்கப் பை, உணவு, உடை எல்லாம் அடங்கிய மூட்டை 22 கிலோ. இருவர் போனால் ஒருவர் ஓடத்தையும் மற்றவர் மூட்டையையும் சுமப்பார்கள். ஒரே நடையில் வேலை முடியும். தனியாகப் போகிறவர் என்ன செய்வார்? மூட்டையை முதலில் கொண்டுபோய் வைப்பார். வெறுங்கையோடு திரும்பி வருவார். பிறகு ஓடத்தைச் சுமந்து செல்வார். ஆக, ஒவ்வொரு பாதையையும் மூன்று முறை நடக்கிறார். 3 கி.மீ. என்று நாம் எழுதியது 9 கி.மீ. ஆகிவிட்டது!

சுமையோடு நடப்பது 6 கி.மீ. வேரும் பாறையும் நிறைந்த வழி. மணிக்கு 3 கி.மீ. என்றால் 2 மணி நேரம். வெறுங்கையோடு நடப்பது 3 கி.மீ.; மணிக்கு 4 கி.மீ. என்றால் 45 நிமிடம். மொத்தம் 2 மணி 45 நிமிடம்.

"நாற்பது கிலோவையும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு நடந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். மணிக்கு இரண்டரை கி.மீ. வேகத்தில் நடந்தாலும் 1 மணி 12 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் மிச்சம். நல்ல பயிற்சி உள்ளவர்கள் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் ஈரமான வேரில் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகினால், அங்கே தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. தனியாகப் போகிறவருக்குக் கணுக்கால் சுளுக்கும் பெரிய விபத்துதான். ஆகவே மிச்சமாகும் நேரத்தோடு இந்த ஆபத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். நம் பயணி இரண்டு நடையில் சுமப்பவராகவே இருக்கட்டும்.

துடுப்பின் வேகம்

நீரில் எவ்வளவு வேகமாகப் போகலாம்? நீரைக் கிழித்துச் செல்லும் ஓடம் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் ஓடத்தின் நீளத்துக்குச் சமமானதும், ஓடம் தான் எழுப்பிய அலையின் பள்ளத்தில் தானே சிக்கிக்கொள்கிறது. இந்த எல்லை வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: ஓடத்தின் நீளத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்குங்கள், விடை ஏறத்தாழ மணிக்கு இத்தனை கி.மீ. என்று வரும். நான்கரை மீட்டர் ஓடத்துக்கு இது சுமார் 9.5 கி.மீ.

மனிதக் கைகள் நாள் முழுதும் அந்த வேகத்தைத் தர முடியாது. நீரின் தடை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது என்றால், அதற்குத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 4 கி.மீ. செல்பவர் 5 கி.மீ. செல்ல நினைத்தால் 1.25-இன் முப்படி, அதாவது ஏறக்குறைய இரு மடங்கு திறன் தேவை. கால் பங்கு வேகத்துக்கு இரு மடங்கு உழைப்பு! அதனால்தான் அனுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. நாமும் மணிக்கு 4 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். 24 கி.மீ.க்கு 6 மணி நேரம்.

ஓய்வு? மணிக்கு 10 நிமிடம் என்றால் 6 மணி நேரத்துக்கு 60 நிமிடம். இந்த வழக்கம் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமத்தோல் வாணிகத்துக்காகப் பெரிய கனூக்களைச் செலுத்திய 'வாயாஜர்' எனப்பட்ட ஓடக்காரர்கள், இப்பூங்காவின் வடக்கே ஓடும் ஒட்டாவா ஆற்றின் வழியாக மேற்கே போனார்கள். ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை துடுப்பை நிறுத்திச் சுங்கான் புகைப்பது அவர்கள் வழக்கம். ஏரியின் நீளத்தையே 'இத்தனை சுங்கான்' என்று அளந்தார்கள்! சுமைப்பாதையில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 41 கிலோ எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்கள்.

இப்போது கூட்டுவோம்.

துடுப்புப் போடுதல்: 6 மணி
சுமைப்பாதை நடை: 2 மணி 45 நிமிடம்
நான்கு இடங்களில் சாமான் இறக்கி ஏற்ற, இடத்துக்கு 15 நிமிடம் வீதம்: 1 மணி
ஓய்வு: 1 மணி
பகல் உணவு: 30 நிமிடம்
மொத்தம்: 11 மணி 15 நிமிடம்

வெறும் 27 கி.மீ.க்கு இவ்வளவு நேரம்.

பகலின் நீளம்

இந்தப் பதினொன்றே கால் மணி, பகலுக்குள் அடங்குமா? அது எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அல்கான்குவின் பூங்காவோ வடக்கு அட்சரேகை 45 பாகைக்குச் சற்று மேலே, நிலநடுக்கோட்டுக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கே ஜூன் 21-ஆம் நாள் பகல் சுமார் 15 மணி 40 நிமிடம். செப்டம்பர் 10 வாக்கில் 12 மணி 50 நிமிடம். அக்டோபர் 10 வாக்கில் ஏறத்தாழ 11 மணி 15 நிமிடம்.

பார்த்தீர்களா? ஜூனில் நாலரை மணி நேரம் கையிருப்பு. செப்டம்பரில் ஒன்றரை மணிக்குச் சற்றே மேல். அக்டோபரில் ஒரு நிமிடம்கூட இல்லை! பாதை அதே பாதை. ஓடம் அதே ஓடம். பூமியின் அச்சுச் சாய்வு மட்டும் கணக்கை மாற்றிவிட்டது.

நம் பயணி செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கிறார். மே, ஜூன் மாதங்களில் கடிக்கும் கருப்பு ஈக்களின் தொல்லை அப்போது இல்லை. நீரும் கோடை வெப்பத்தை இன்னும் முழுதும் இழந்திருக்காது. செப்டம்பர் 10 அன்று அங்கே கடிகாரப்படி சூரியன் காலை 6.45 மணி வாக்கில் உதித்து, மாலை 7.35 வாக்கில் மறையும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் மாலை 6.15-க்குப் போய்ச் சேரலாம். கூடாரம் அடித்து, விறகு பொறுக்கி, நீரைக் கொதிக்க வைத்து, கரடிக்கு எட்டாமல் உணவுப் பையை மரக்கிளையில் தொங்கவிட ஒரு மணி நேரம் வேண்டும். மிச்சம் எவ்வளவு? இருபதே நிமிடம்!

காற்று கணக்கில் சேரவில்லை

இதுவரை நாம் காற்றை மறந்தே போனோம். அதுதான் ஏரியின் உண்மையான எசமான். காற்றின் வேகம் இரு மடங்கானால், அது ஓடத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எதிர்காற்றில் நம் வேகம் மணிக்கு 4-லிருந்து 3 கி.மீ.யாகக் குறைந்தால், 10 கி.மீ. நீளமுள்ள முதல் ஏரிக்கு இரண்டரை மணிக்குப் பதில் 3 மணி 20 நிமிடம் பிடிக்கும். ஐம்பது நிமிடம் பறிபோயிற்று.

"பிறகு பின்காற்று வந்தால் சரியாகிவிடுமே" என்பீர்கள். சோதித்துப் பாருங்கள். எதிர்காற்றில் 10 கி.மீ. மணிக்கு 3 கி.மீ. வேகம், பின்காற்றில் 10 கி.மீ. மணிக்கு 5 கி.மீ. வேகம். வேகங்களின் சராசரி 4 என்று தோன்றும். ஆனால் ஆகும் நேரம் 3 மணி 20 நிமிடமும் 2 மணியும். மொத்தம் 5 மணி 20 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 5 மணிதான். எதிர்காற்று எடுத்துக்கொண்டதைப் பின்காற்று முழுதும் திருப்பித் தருவதில்லை! மெதுவாகச் செல்லும்போது அதிக நேரம் செலவிடுகிறோம் என்பதே காரணம்.

தனி ஓடக்காரருக்குக் காற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. முன்புறம் ஆளில்லாததால் ஓடத்தின் மூக்கு நீரைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். நீரில் ஆழப் பதிந்த பின்பக்கம் அச்சாக நிற்க, தூக்கிய மூக்கைக் காற்று திசைகாட்டிச் சேவலைப்போல் திருப்பிவிடும். பரிகாரம் எளிது: எதிர்காற்றில் மூட்டையை முன்னே தள்ளி வைக்க வேண்டும், பின்காற்றில் பின்னே நகர்த்த வேண்டும். கனமான முனை காற்று வரும் திசையில் இருந்தால் ஓடம் நேராகச் செல்லும்.

ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் ஓடம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பைச் சற்றுத் திருப்பி நீரை வெளிப்புறமாகத் தள்ளினால் இது சரியாகும். துடுப்பின் பாதை 'ஜே' என்ற ஆங்கில எழுத்தைப்போல் இருப்பதால் இதை 'ஜே வீச்சு' என்கிறார்கள்.

காற்றை வெல்ல வேறு வழி இல்லையா? உண்டு, அது கடிகாரத்தில் இருக்கிறது. இரவில் தரையும் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அசையாமல் கிடக்கும். பகலில் தரை சூடேறியதும் காற்று மேலெழுந்து கலங்கும்; அப்போது உயரத்தில் வேகமாக வீசிக்கொண்டிருக்கும் காற்று கீழே இறங்கும். ஆகையால் பல நாட்களில் விடியற்காலையில் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். நண்பகலுக்குப் பின் அலை எழும். காற்று தடையின்றி ஓடும் நீர்ப்பரப்பு நீளமாக இருந்தால் அலையும் பெரிதாகும். பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒபியாங்கோவில் பிற்பகல் அலைகளுக்கு அஞ்சாத ஓடக்காரர் இல்லை. எனவே பெரிய ஏரியை அதிகாலையில் கடந்துவிட வேண்டும்.

சூரியன் உதிப்பதற்குச் சுமார் அரை மணி முன்பே வழி தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். நம் பயணி 7 மணிக்குப் பதில் 6.15-க்குப் புறப்பட்டால் 45 நிமிடம் லாபம். அமைதியான ஏரி இன்னொரு லாபம். ஒரே எச்சரிக்கை: செப்டம்பர் விடியலில் வெதுவெதுப்பான ஏரியின் மேல் குளிர்ந்த காற்று படிந்து மூடுபனி எழும்பலாம். அப்போது கரையை ஒட்டியே போக வேண்டும். திசைகாட்டியும் கையில் இருக்க வேண்டும். அங்கே காந்த ஊசி மெய்யான வடக்கைவிட்டு 10 பாகைக்கு மேல் மேற்கே விலகி நிற்கும். இதைத் திருத்தாமல் 3 கி.மீ. போனால், சேர வேண்டிய இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்ச் சேருவோம்.

நீரில் விழுந்தால்

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? ஓடம் கவிழ்ந்தால் நீந்திக் கரையேறலாமே என்று எண்ணலாம். காற்றைவிட நீர் உடலின் வெப்பத்தைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திச் செல்கிறது. இங்கே ஏரிகளின் மேல் உறைந்த பனிக்கட்டி உருகி விலகுவதே பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோதான். மே மாதம் வெயில் சுள்ளென்று அடித்தாலும் நீர் பனிக்கட்டியின் தங்கைதான்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற அறிவியலார், குளிர்நீரில் மனித உடல் என்ன ஆகிறது என்பதை ஆராய்ந்தவர். அவர் பரப்பிய நினைவு வாய்பாடு '1-10-1'. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த 10 நிமிடம் வரை கைகால்கள் சொன்னபடி கேட்கும். அதன்பின் ஏறத்தாழ 1 மணி நேரத்தில் உடல் குளிர்ந்து நினைவு தப்பும். நீச்சல் வீரரையும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் கைகள் கைவிட்டுவிடும். அதனால் மிதவைச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது. உடலில் அணிந்திருக்க வேண்டும். ஏரியின் நடுவே குறுக்குவழி போவதைவிட, காற்று மறைவான கரையை ஒட்டிச் சுற்றிப் போவது மேல். ஒரு கி.மீ. அதிகமானால் கால் மணி போகும். அந்தக் கால் மணி வீணன்று.

நிறுத்தும் நேரம்

இனி கணக்கின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். அது வழியிலேயே நின்றுவிட வேண்டிய நேரத்தைக் குறிப்பது.

முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சூரியன் மறைவது 7.35. கூடார வேலைக்கு ஒரு மணி நேரம் தள்ளினால், கூடார இடத்தைச் சுமார் 6.30-க்குள் அடைய வேண்டும். இரண்டாம் சுமைப்பாதை முடிந்து மூன்றாம் ஏரியின் கரையில் நிற்கிறோம் என்று கொள்வோம். இன்னும் 10 கி.மீ. நீர்வழி: இரண்டரை மணி. சுமைப்பாதை 1,200 மீட்டர்: இரண்டு நடைக்கு 66 நிமிடம். இறக்கி ஏற்ற 30 நிமிடம். ஓய்வு 25 நிமிடம். ஆக நாலரை மணி நேரம். 6.30-இலிருந்து நாலரை மணியைக் கழித்தால் பிற்பகல் 2 மணி.

இதுதான் கெடு. மூன்றாம் ஏரியை 2 மணிக்குள் அடைந்தால் மேலே போகலாம். அதன்பின் வந்தால் அங்கேயே பயணத்தை நிறுத்திக் கரையேற வேண்டும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால், காற்றில்லாத நாளில்கூட இங்கே வந்து சேர 1.44 ஆகிவிடும். முதல் ஏரியில் எதிர்காற்று 50 நிமிடத்தைத் தின்றுவிட்டால் 2.34. கெடு தாண்டிவிட்டது. 6.15-க்குப் புறப்பட்டிருந்தால் அதே காற்றிலும் 1.49. பயணம் தொடரலாம்! விடியற்காலையில் போர்வையை உதறி எழுந்த முக்கால் மணி நேரம் மாலையில் வந்து கைகொடுக்கிறது.

இந்தக் கெடுவை வீட்டிலேயே, நிலப்படத்தின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும். ஏன் தெரியுமா? களைப்பும் பசியும் சேர்ந்த பிற்பகலில் மனம் நியாயமாகக் கணக்குப் போடாது. "இவ்வளவு தூரம் வந்தோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று ஆசை காட்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் "வேண்டாம்" என்று தடுப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தத் துணை, நிதானமாக இருந்தபோது அவரே எழுதிவைத்த அந்த எண்தான்.

முன்பதிவு செய்த ஏரியை அடைய முடியாதே என்ற கவலை எழலாம். அதற்காகத்தான் பாதையைத் திட்டமிடும்போதே, நடுவில் கரையொதுங்கத் தக்க இடங்களையும் குறித்துவைக்கிறார்கள். எந்த முன்பதிவும் உயிரைவிடப் பெரிதன்று. இடி முழக்கம் கேட்டாலும் இதே விதிதான்: உடனே நீரைவிட்டு விலக வேண்டும்.

புறப்படுமுன் இன்னும் மூன்று காரியங்கள் உண்டு. முதலாவது, எந்தப் பாதை, எந்த ஏரி, எப்போது திரும்புவோம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் தேட ஆளனுப்ப வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுப்பது. காட்டின் உட்பகுதியில் பெரும்பாலும் கைப்பேசி எடுக்காது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியைப் பலர் இப்போது கொண்டு போகிறார்கள். இரண்டாவது, உணவு. துடுப்புப் போட மணிக்கு 300 முதல் 400 கிலோகலோரி வரை செலவாகும். நாள் முழுதுக்கும் 4,000 கிலோகலோரியைத் தொடலாம். தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் காட்டுக்குள் அனுமதி இல்லை. கொட்டைகள், உலர்பழம், ஓட்ஸ் போன்ற எடை குறைந்த உணவே பொருத்தம். மூன்றாவது, நீர். ஏரி நீர் தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்க வேண்டும்.

நீங்கள் செய்து பாருங்கள்

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் பொழுது சாய இன்னும் எவ்வளவு நேரம் என்று எப்படி அறிவது? காட்டுப் பயணிகள் கையை நேரே நீட்டி, உள்ளங்கையைத் தம் பக்கம் மடக்கி, நான்கு விரல்களையும் அடிவானத்தின் மேல் கிடையாக வைத்துப் பார்ப்பார்கள். அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே நான்கு விரல் அடங்கினால் இன்னும் ஒரு மணி நேரம் உண்டு என்பது அவர்கள் வழக்கு. விரலுக்குக் கால் மணி.

இந்த விதி எங்கும் பொருந்துமா? நான்கு விரல்கள் ஏறத்தாழ 8 பாகைக் கோணத்தை மறைக்கும். அல்கான்குவினில் சூரியன் சாய்வாக இறங்குகிறது. ஜூன் மாதத்தில் அந்த 8 பாகையைக் கடக்க அதற்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும்; விதி சரிதான். செப்டம்பரில் முக்கால் மணியே ஆகும். விதியை அப்படியே நம்பியவர் கால் மணி ஏமாறுவார்! தமிழ்நாட்டிலோ சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அரை மணியைச் சற்றே தாண்டும்.

கடற்கரையிலோ, ஏரிக்கரையிலோ, மேற்குத் திசை திறந்த மொட்டை மாடியிலோ நின்று இதைச் சோதித்துப் பாருங்கள். சூரியனை நேரே உற்று நோக்காதீர்கள். அதைக் கையால் மறைத்துக்கொண்டே, சுட்டுவிரலின் மேல் விளிம்பு சூரியனின் கீழ் விளிம்பைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சூரியன் மறையும் நேரத்தையும் குறியுங்கள். உங்கள் ஊரில் ஒரு விரலுக்கு எத்தனை நிமிடம்? அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அடுத்த முறை மலையேறவோ காட்டுக்கோ ஆசிரியரோடு சுற்றுலா போகும்போது, "திரும்ப வேண்டிய நேரம் எது?" என்று புறப்படும் முன்பே கேட்பவர் நீங்களாக இருங்கள்.